பசை தோற்க வேண்டும்

ஜனவரியில் சக்கரம் இறங்கி வரும்,
ரைன் இன்னும் ஓடையாக இருக்கும் மேல் பள்ளத்தாக்கிலிருந்து,
லாரியில், தார்ப்பாய் போர்த்தி,
கோடையெல்லாம் பனியாற்று நீரை முகத்தில் வாங்கிய
இருபத்திரண்டு அகப்பைகளோடு.

எறும்பு ஊரவில்லை இங்கே.
கல்லே ஊர்கிறது, எஃகு தேய்கிறது.
பனிப்பாறை தன் அடிவயிற்றில் அரைத்த மலை
மாவாகி, நீரோடு குழாயில் நானூறு மீட்டர் விழுந்து
அகப்பையின் நடுவரப்பைத் தின்றிருக்கிறது.
கத்தி போல் இருந்த வரப்பு
இப்போது பல் விழுந்த ஈறு.
ஆண்டுக்கு ஆண்டு பனி கூடுதலாக உருகுகிறது,
மண் கூடுதலாக வருகிறது,
எங்களுக்கு வேலையும் கூடுதல்.
இதற்கு மகிழ்வதா என்று கதோமாஸிடம் கேட்டேன்.
அவர் படிவத்தில் தேதி எழுதிக்கொண்டிருந்தார்.

என் வேலை மினுக்கத்தைக் கெடுப்பது.
வெல்டர் வரப்பை மறுபடி எழுப்பித் தேய்த்து
கண்ணாடியாகக் கொடுப்பார்,
நான் அலுமினா மணல் வீசி மங்க வைப்பேன்.
வழவழப்பில் எதுவும் நிற்காது.
உருகி ஒன்றாகிவிடுவதில்லை இந்தப் பூச்சு.
பற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான்,
மலையேறுகிறவன் பாறைப் பிளவில் விரலைச் செருகுவதுபோல.
பிறகு கடிகாரம் ஓடும்:
காற்றின் ஈரம் எஃகைக் கண்டுபிடிப்பதற்குள்
அதேரிட்டோ துப்பாக்கியைப் பற்றவைக்க வேண்டும்.

மண்ணெண்ணெய். ஆக்ஸிஜன்.
அந்தச் சுடருக்குள் டங்ஸ்டன் கார்பைடு, கோபால்ட், குரோமியம்,
முகப்பவுடர் அளவு நைசாக,
ஒலியை முந்திக்கொண்டு.
இரட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றாலும்
என் கடைவாய்ப்பல்லில் கேட்கும்.
ரோபோவின் கை மட்டும் அவசரமில்லாமல்
வெள்ளையடிக்கிறவனைப்போல் போய்வரும்.
ஒவ்வொரு துகளும் பாதி உருகி, மோதி, தட்டையாகி
முந்தையதன் மேல் படுத்துக்கொள்ளும்.
முடிவில் நாலு தலைமுடித் தடிமன்.
எஃகுக்கோ
தேநீர்க் கோப்பையின் சூடுதான்.

சக்கரத்தோடு ஒரு வில்லையும் பூச்சு பெறும், காசளவு.
அதன் முகத்தில் பசை தடவி, வேறொரு வில்லையை ஒட்டி,
அடுப்பில் இறுக வைத்து,
கதோமாஸ் இயந்திரத்தில் மாட்டி இழுப்பார்.
பசை அறுந்தால் நாங்கள் வென்றோம்.
அளக்க வந்த பிடி
அளவுக்கு அப்பால் நிற்கிறது என்று பொருள்.
நான் வந்த நாளிலிருந்து பசைதான் தோற்றிருக்கிறது.

வியாழக்கிழமை பசை தோற்கவில்லை.
முள் எழுபதைத் தாண்ட வேண்டும்.
முப்பத்தொன்றில் ஒரு சத்தம்,
வாதுமைக் கொட்டை உடைகிற மாதிரி.
பூச்சு பெயர்ந்து பசையோடு போயிருந்தது.
கீழே வெற்று எஃகு,
எஃகில் நீள்வட்டமாய் ஒரு மங்கல்,
மங்கலுக்குள் வரிகள்.

கதோமாஸ் விளக்கைச் சாய்த்துப் பார்த்தார்,
லென்ஸை அதேரிட்டோவிடம் கொடுத்தார்.
அவன் என்னிடம்.
வரிகளுக்குக் குறுக்கே ஒரு தழும்பு.
பதினோரு வயதில், மத்தி டப்பாவின் மூடி.
லென்ஸ் தேவைப்படவில்லை.

கையுறையைக் கழற்றினேன், ஆமாம்.
சொரசொரப்பு போதுமா என்று பார்க்கக் கருவி இருந்தது,
போதும் என்றுதான் அது சொன்னது.
நான் நம்பவில்லை.
பூனை நாக்கு போல் இருந்தது,
கட்டைவிரலுக்குப் பிடித்திருந்தது.

"வில்லையை மட்டும்தான் தொட்டேன். சக்கரத்தை இல்லை."
"இருக்கலாம், யெல்கா.
சக்கரத்தை இழுத்துப் பார்க்க முடியாதே.
வில்லை சொல்வதைத்தான் நான் எழுத முடியும்."

எல்லாவற்றையும் உரிக்கச் சொல்லி உத்தரவு.
உரிப்பதும் நீர்தான்:
ஊசியாய்ப் பீய்ச்சும் நீர், ஆற்றைவிடக் கோபமானது.
இரண்டு நாள் என்று கணக்குப் போட்டோம்.
முதல் நாள் மாலை ஒன்றரை அகப்பை.
ஐந்தாம் நாள் பீய்ச்சும் முனையே தேய்ந்து
புதிது வாங்கி வந்தான் அதேரிட்டோ.
இருபத்திரண்டில் ஓர் இடத்திலும்
தானாக எழும்பவில்லை அது.
மேலே, பள்ளத்தாக்கில், கூரைகள் சொட்டத் தொடங்கியிருந்தன.

ஒன்பதாம் நாள் கதோமாஸ் வந்து
ஈரத் தரையில் வெகுநேரம் நின்றார்.
பேனாவைத் திறந்தார், மூடினார்.
இதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.